வைத்தியரைக் கேளுங்கள்: இரத்தப் பரிசோதனை எண்களும் சத்திரசிகிச்சைக் கால மருந்துகளும்

சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் செய்யப்படும் இரத்தப் பரிசோதனைகள் பற்றியும், அக்காலத்தில் எடுக்கும் மருந்துகள் பற்றியும் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை, கையிற் கிடைத்த றிப்போட்டில் ஓர் எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்ததைக் கண்டு பயந்தவர்கள் எழுதியவை. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: எனது அம்மாவுக்கு 67 வயது. பெருங்குடலில் இருந்த கட்டிக்காகக் குடலின் ஒரு பகுதியை வெட்டி அகற்றினார்கள். இரண்டாம் நாள் எடுத்த இரத்தத்தில் சி.ஆர்.பி. 180 என்று இருந்தது. 6இற்குக் கீழே இருக்க வேண்டும் என்று பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள். பதறிப்போய்க் கேட்டபோது, "பொறுத்துப் பார்ப்போம்" என்று மட்டும் வைத்தியர் சொன்னார். அன்ரிபயோட்டிக் எதுவும் தொடங்கவில்லை. நான்காம் நாள் அது 85 ஆகியது. அம்மா இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார். ஆனால் அந்த இரண்டு நாளும் நாங்கள் நித்திரை கொள்ளவில்லை. 180 என்றால் கிருமி ஏறிவிட்டது என்பதுதானே பொருள்?
— வாசகி, கொக்குவில்

பதில்: அம்மா சுகமாக வீடு திரும்பியது மகிழ்ச்சி. உங்கள் வைத்தியர் செய்தது சரியே. காரணத்தை இன்னும் இரண்டு வசனத்திற் சொல்லியிருந்தால் உங்கள் நித்திரையும் கெட்டிராது. அது எங்கள் தரப்பிற் பல வேளைகளில் நேரும் குறை.

சி.ஆர்.பி. என்பது ஈரல் உண்டாக்கும் ஒரு புரதம். 1930ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் நிறுவனத்தில் ரிலெற், பிரான்சிஸ் என்ற இருவர், நியுமோனியா கண்டவர்களின் குருதியில் இதைக் கண்டார்கள். நியுமோகொக்கஸ் கிருமியிலிருந்து பிரித்தெடுத்து 'சி' என்று பெயரிட்டிருந்த ஒரு கூற்றுடன் இது சேர்ந்து படிந்தமையால் அந்த எழுத்து இதன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கிருமி நோயாளரிடம் முதலிற் காணப்பட்டது என்பதற்காக, இது கிருமிக்கு மட்டுமே உரியது என்று கொள்ளலாகாது. உடலில் எந்த இழையம் சேதமுற்றாலும், அது கிருமியால் ஆனாலும், விழுந்து எலும்பு முறிந்ததால் ஆனாலும், சத்திர வைத்தியரின் கத்தியால் ஆனாலும், ஈரல் இதைப் பெருமளவில் உண்டாக்கும். வயிற்றைத் திறந்து குடலை வெட்டித் தைத்தவருக்கு இரண்டாம் நாளில் இது உயராமல் இருந்தாற்தான் நான் வியப்படைவேன்.

இந்தப் புரதத்தின் பயன் அது ஏறி இறங்கும் விதத்தில் இருக்கிறது. சேதம் நேர்ந்து ஏறத்தாழ 6 மணித்தியாலத்தில் உயரத் தொடங்கி, 48 மணித்தியாலமளவில் உச்சத்தை அடையும். தூண்டுதல் நின்றுவிட்டால், ஏறத்தாழ 19 மணித்தியாலத்துக்கு ஒருமுறை குருதியில் உள்ள அளவு பாதியாகும். ஆகவே சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் நாளிலிருந்து எண் கீழே வர வேண்டும். அம்மாவுக்கு 180இலிருந்து 85 ஆனது அந்த இறக்கந்தான். மாறாக, மூன்றாம் நான்காம் நாட்களில் 150ஐத் தாண்டியே நின்றாலோ, இறங்கியது மீண்டும் ஏறினாலோ, குடலைப் பொருத்திய தையலில் கசிவு இருக்கிறதா என்று தேட வேண்டும், பெரும்பாலும் சி.ரி. ஸ்கான் செய்வோம். எண் ஒழுங்காக இறங்கினால், கசிவு இல்லை என்று ஓரளவு துணிவோடு சொல்லலாம். உயர்ந்து நிற்பதை மட்டும் வைத்துக் கசிவு உண்டென்று முடிவு கட்ட முடியாது.

அந்த இரண்டு நாளும் வைத்தியர் சும்மா இருந்திருப்பார் என்று எண்ண வேண்டாம். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தாதியர் குறித்த காய்ச்சலும், நாடித்துடிப்பும், மூச்சு வீதமும், போன சிறுநீரின் அளவும், வயிற்றின் மேல் கை வைத்தால் இளகி இருக்கிறதா இறுகி இருக்கிறதா என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். நாடி 84இல் நிற்கும் ஒருவருக்கு சி.ஆர்.பி. 180 இருப்பதும், நாடி 120 ஆகி வயிறு ஊதிக் கிடப்பவருக்கு 180 இருப்பதும் ஒன்றல்ல.

அன்ரிபயோட்டிக் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அது கொடுக்கப்படாமல் இருந்திராது. தோலை வெட்டுவதற்கு முன், மயக்க மருந்து கொடுக்கும் வேளையிலேயே, நாளத்தின் வழியே கொடுத்திருப்பார்கள். கிருமி வந்து சேரும் நேரத்தில் மருந்து இழையத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும் என்பதையும், சில மணித்தியாலம் பிந்திக் கொடுத்தாற் பயனில்லை என்பதையும் ஜோன் பேர்க் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் 1961இலேயே விலங்குகளிற் செய்து காட்டினார். சத்திரசிகிச்சை முடிந்த பின்னரும் வெறுமனே தடுப்புக்காக இம்மருந்தைத் தொடர வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டல். தேவையின்றித் தொடர்ந்தால் கடும் வயிற்றோட்டம் வரலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகளும் விடுதியில் வளரும்.

இன்னொன்று. சில ஆய்வுகூடங்கள் சி.ஆர்.பி.யை லீற்றருக்கு மில்லிகிராம் என்றும், சில டெசிலீற்றருக்கு மில்லிகிராம் என்றும் தருகின்றன. முன்னதில் 180 என்பது பின்னதில் 18. இரண்டு இடங்களிற் பரிசோதித்து, 18 ஒரே நாளில் 180 ஆகிவிட்டது என்று அழுதுகொண்டு வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். எண்ணைப் பார்க்கும் முன் அதன் பக்கத்திலுள்ள அலகைப் பாருங்கள்.

கேள்வி: எனது 16 வயது மகனுக்குத் தொப்புளைச் சுற்றி வயிற்றுக்குத்து வந்தது. பாமசியிற் சொல்லி அன்ரிபயோட்டிக் குளிசையும் டைக்குளோபெனக்கும் வாங்கி மூன்று நாள் கொடுத்தோம். நோ குறைந்தது போல இருந்தது. தனியாரிடம் இரத்தம் பார்த்ததில் வெண்கலம் (வெண்குருதிக் கலம்) 9,800. அது சாதாரண அளவு என்றார்கள். நான்காம் நாள் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனபோது குடல்வளரி (அப்பென்டிக்ஸ்) வெடித்துச் சீழ் கட்டியிருந்தது. பரிசோதனை பிழையா? அன்ரிபயோட்டிக் மட்டும் கொடுத்தே இதை மாற்றலாம் என்று வெளிநாட்டிலிருக்கும் என் தம்பி சொல்கிறாரே, அது உண்மையா?
— வாசகர், நெல்லியடி

பதில்: பரிசோதனை பிழையாக இருந்திருக்க வேண்டியதில்லை. வெண்குருதிக் கலங்கள் 4,000 முதல் 11,000 வரை இருப்பது வழமை. 9,800 அதற்குள் அடங்கும். ஆனால் குடல்வளரி அழற்சியின் போது அந்த எண் வழமைக்குள்ளேயே நிற்பதும் உண்டு. அதிலும் அரைகுறையாகச் சென்ற அன்ரிபயோட்டிக் நோயை மாற்றாமல் அதன் அடையாளங்களை மட்டும் மங்கச் செய்திருக்கலாம். டைக்குளோபெனக் நோவையும் காய்ச்சலையும் அடக்கிவிடும். நோயாளி சொல்ல வேண்டியதை மருந்து சொல்ல விடாமற் செய்துவிட்டது.

நான் இளம் வைத்தியனாக இருந்த காலத்தில் ஒரு பிள்ளையின் வெண்கல எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, "காலையிற் பார்ப்போம்" என்று எழுதிவைத்தேன். அதற்கு முன் என்ன குளிசை கொடுத்தார்கள் என்று தாயிடம் கேட்கவில்லை. விடியும்போது வயிறு பலகை போல இறுகியிருந்தது. பிள்ளை பிழைத்தது, ஆனால் மூன்று கிழமை விடுதியிற் கிடந்தது. அந்தத் தாயின் முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

குடல்வளரி அழற்சியைக் கணிப்பதற்கு அல்வராடோ என்ற வைத்தியர் 1986இல் வகுத்த புள்ளிமுறை இன்றும் பயன்படுகிறது. மொத்தம் 10 புள்ளி. அவற்றில் இரத்தப் பரிசோதனைக்கு உரியவை 3 மட்டுமே. மிகுதி 7 புள்ளியும், நோ தொப்புளிலிருந்து வலப்பக்கக் கீழ் வயிற்றுக்கு இறங்கியதா, பசி போய்விட்டதா, குமட்டல் உண்டா, அமுக்கினால் எங்கே நோகிறது, கையை எடுக்கும்போது கூடுதலாக நோகிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டும் தொட்டும் அறிய வேண்டியவை.

உங்கள் தம்பி சொன்னதில் உண்மை உண்டு. 2020இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், 1,552 வயதுவந்தவர்களிற் பாதிப் பேருக்குச் சத்திரசிகிச்சையும் பாதிப் பேருக்கு அன்ரிபயோட்டிக் மட்டுமே தரும் சிகிச்சையும் தரப்பட்டன. மருந்து மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ 29 வீதமானோருக்கு 90 நாட்களுக்குள் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. குடல்வளரிக்குள் கல் போன்ற மலக்கட்டி இருந்தவர்களில் அது 41 வீதம். ஆகவே பத்தில் ஏழு பேர் அந்த மூன்று மாதமும் வெட்டாமலே தப்பினார்கள் என்று சொல்லலாம். ஆனால் அவர்கள் அனைவருக்கும் படமெடுத்து நோய் உறுதிசெய்யப்பட்டது. மருந்தும் முதலில் ஊசியாகவே ஏற்றப்பட்டது. பாமசி மேசையில் வாங்கும் குளிசைக்கு அந்த ஆய்வைச் சான்றாகக் காட்ட முடியாது. வயிற்று நோவுக்குப் பெயர் தெரியும் வரை அன்ரிபயோட்டிக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் அதை ஒளிக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். நாங்கள் ஏசுவோம் என்று பயந்து மறைப்பவர்கள் பலர். ஏசினாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு 58 வயது, சலரோகக்காரர். நாலு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து, இருதயக் குழாயை விரித்து வைக்கும் ஸ்ரென்ற் வைத்தார்கள். அஸ்பிரின், குளோபிடோகிறெல், மெற்போமின், எம்பாகிளிபுளோசின் எடுக்கிறார். இப்போது குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்ய நாள் கேட்கப் போகிறோம். எந்தக் குளிசையை எத்தனை நாளுக்கு முன் நிறுத்த வேண்டும்? இரத்தம் உறையுமா என்று பார்க்கச் சிறுதட்டு எண்ணினார்கள். 2,50,000 இருக்கிறது, அது போதுந்தானே?
— வாசகி, சாவகச்சேரி

பதில்: முதலில் மிக முக்கியமானது: அஸ்பிரினையும் குளோபிடோகிறெலையும் நீங்களாக ஒரு நாளேனும் நிறுத்த வேண்டாம். மாரடைப்புக்கு ஸ்ரென்ற் வைத்தவர்களுக்கு இவ்விரண்டையும் சேர்த்துப் பெரும்பாலும் 12 மாதம் கொடுப்போம். இடையில் நிறுத்தினால் ஸ்ரென்ற்றுக்குள் குருதி உறைந்து மறுபடியும் மாரடைப்பு வரலாம். அமுக்கினால் உள்ளே போகின்ற, நோகாத குடலிறக்கம் சில மாதம் காத்திருக்கும். சத்திரசிகிச்சைத் திகதியை இருதய வைத்தியரும் சத்திரசிகிச்சை நிபுணரும் கலந்து பேசித்தான் குறிக்க வேண்டும். குடலிறக்கம் திடீரென்று இறுகி, உள்ளே போகாமல், நோவும் வாந்தியும் வந்தால் மட்டும் எந்த மருந்தையும் பொருட்படுத்தாமல் உடனே ஆசுப்பத்திரிக்கு வர வேண்டும்.

சிறுதட்டு 2,50,000 என்பது எண்ணிக்கைதான், வேலைத்திறன் அல்ல. இவ்விரு மருந்துகளும் சிறுதட்டுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை. ஒன்றோடொன்று ஒட்டாமற் செய்கின்றன. அதுவும் ஒருமுறை செயலிழந்த சிறுதட்டு, தன் 7 முதல் 10 நாள் ஆயுள் முடியும் வரை அப்படியே இருக்கும். ஆகவே எண் அழகாக இருக்கும். கத்தி பட்டால் இரத்தம் நிற்காது.

எம்பாகிளிபுளோசின், டபாகிளிபுளோசின் வகைக் குளிசைகளும் இதே போன்ற ஒரு மயக்கத்தை ஏற்படுத்துகின்றன. இவை சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றுபவை. பட்டினி இருந்து சத்திரசிகிச்சைக்குப் போகும்போது இவை உடலில் இருந்தால், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீற்றோன் குருதியிற் கூடி அமிலம் ஏறலாம். ஆனால் சீனி அளவு 200இற்குக் கீழேயே நிற்கும். குளுக்கோமீற்றரைப் பார்த்து எல்லோரும் ஆறுதலடைய, நோயாளி மூச்சு வாங்கிக்கொண்டு வாந்தி எடுப்பார். சீனியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கீற்றோனைப் பார்க்க வேண்டும். அதனாற்தான் இவ்விரு குளிசைகளையும் திட்டமிட்ட சத்திரசிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாளுக்கு முன்னரே நிறுத்தும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2020இல் அறிவித்தது. மெற்போமினைப் பொதுவாகச் சத்திரசிகிச்சை நாளன்று காலையில் மட்டும் தவிர்ப்போம். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று கிரியாற்றினின் பார்த்த பின்பே மீண்டும் தொடங்குவோம்.

கடந்த மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. 8.5 வீதத்துக்கு மேல் இருந்தால், அவசரமில்லாத சத்திரசிகிச்சையைப் பின்போட்டுச் சீனியைச் சரிசெய்வது நல்லது. புண் ஆறுவது அதிற் தங்கியிருக்கிறது. அண்மையில் இரத்தம் ஏற்றியவர்களுக்கும் தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோய் உள்ளவர்களுக்கும் இந்த எண்ணை நம்ப இயலாது.

கிளினிக்குக்கு வரும்போது கொப்பியை மட்டும் கொண்டுவராமல், வீட்டிலுள்ள மருந்து எல்லாவற்றையும் ஒரு பையிற் போட்டுக்கொண்டு வாருங்கள். ஒருமுறை ஓர் அம்மா தன் பையை என் மேசையிற் கொட்டினார். பெயர் இருந்த மூலை வெட்டுப்பட்ட குளிசை அட்டைகள், 'காலை 1, இரவு 1' என்று மட்டும் எழுதிய கடதாசி உறைகள், மகள் கனடாவிலிருந்து அனுப்பிய உள்ளிக் குளிசைப் போத்தல், நாட்டு வைத்தியர் கொடுத்த சூரணம் ஒன்று. கொப்பியில் இருந்தவை நாலு மருந்துகள். பையில் ஒன்பது இருந்தன. அவற்றில் இரண்டு, வெவ்வேறு நிறத்தில் இருந்த ஒரே அஸ்பிரின்.

கேள்வி: புற்றுநோய் இருக்கிறதா என்று அறிய சி.ஈ.ஏ., சி.ஏ.19-9 என்ற இரத்தப் பரிசோதனைகள் இரண்டையும் சேர்த்துச் செய்வதாக ஒரு விளம்பரம் பார்த்தேன். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, வயது 55. செய்து பார்க்கலாமா?
— வாசகர், மல்லாகம்

பதில்: வேண்டாம். 1965இல் மொன்றியலிற் கண்டறியப்பட்ட சி.ஈ.ஏ., பெருங்குடற் புற்றுநோய் உறுதியானவருக்குச் சத்திரசிகிச்சைக்கு முன் ஒருமுறையும் பின்னர் சில மாதத்துக்கு ஒருமுறையும் பார்த்து, நோய் திரும்புகிறதா என்று அறிய உதவுவது. ஆரம்ப நிலைப் புற்றுநோயிற் பலருக்கு அது உயர்வதில்லை. புகைபிடிப்பவர்களுக்கும் ஈரல் நோயாளருக்கும் புற்றுநோய் இல்லாமலே உயரும். சி.ஏ.19-9 பித்தக்குழாயிற் கல் அடைத்தாலே ஏறிவிடும். லூயிஸ் என்ற குருதி வகை (ஏ, பி, ஓ அல்லாத வேறொரு பிரிவு) இல்லாத, நூற்றுக்கு 5 முதல் 10 வரையான மக்களிலோ சதையிப் (கணையப்) புற்றுநோய் முற்றினாலும் ஏறாது. அந்தக் காசுக்கு ஒரு சாதாரண முழுக் குருதிக் கல எண்ணிக்கை செய்யுங்கள். 55 வயது ஆணுக்கு ஈமோகுளோபின் குறைந்து, அது இரும்புச்சத்துக் குறைவால் என்று தெரிந்தால், இரும்புக் குளிசை விழுங்குவதோடு நிற்காமல் குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று கமரா விட்டுப் பார்க்க வேண்டும்.

கேள்வி: மழை தொடங்கினால் எங்கள் பக்கம் காய்ச்சல். போன மார்கழியில் தங்கைக்குக் காய்ச்சலும் கடும் வயிற்று நோவும் வந்தது. பித்தப்பை வீங்கியிருப்பதாக ஸ்கானிற் சொன்னார்கள். பிறகு டெங்கு என்றார்கள். வெட்ட வேண்டியதை டெங்கு என்று விட்டுவிட்டார்களோ என்ற ஐயம் இன்னும் இருக்கிறது.
— வாசகி, வேலணை

பதில்: வெட்டாமல் விட்டவர்களுக்கு நன்றி சொல்லுங்கள். டெங்கிற் குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசிவதால் பித்தப்பைச் சுவர் தடிக்கும். ஸ்கானில் அது பித்தப்பை அழற்சி போலவே தெரியும். இங்கு எளிய குருதி எண்ணிக்கைதான் கைகொடுக்கும். பித்தப்பையிற் கிருமி என்றால் வெண்கலம் பெரும்பாலும் ஏறும். டெங்கில் வெண்கலமும் சிறுதட்டும் இறங்கும், திரவம் கசியக் கசியக் குருதியின் செறிவைக் காட்டும் ஹெமற்றோகிறிற் ஏறும். சிறுதட்டு விழுந்துகொண்டிருக்கும் ஒருவரை வெட்டினால் இரத்தப்பெருக்கு உயிரைக் கொண்டுபோகும். கடும் வயிற்று நோவு டெங்கின் அபாய அறிகுறிகளில் ஒன்று என்பதையும் மறக்க வேண்டாம்.

கார்த்திகை முதல் தை வரை காய்ச்சலோடு வரும் எந்த நோவுக்கும் டைக்குளோபெனக் குளிசையோ, ஆசனவாயில் வைக்கும் டைக்குளோபெனக்கோ, இபுபுரோபெனோ, அஸ்பிரினோ கொடுக்காதீர்கள். பரசிற்றமோல் மட்டும், அதுவும் அளவோடு. வயலில் இறங்குபவர்களுக்குக் காய்ச்சலோடு கண் மஞ்சளானால் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். அதில் கண்ணை மஞ்சளாக்கும் பிலிரூபின் ஏறுவதைப் பார்த்துப் பித்தக்கல் என்று எண்ணிவிடலாம். கூடவே கிரியாற்றினினும் ஏறுகிறதா என்று பார்த்தால் ஐயம் பெரும்பாலும் தெளியும்.

கேள்வி: சதையி அழற்சியோடு விடுதியில் இருக்கும் அண்ணாவுக்கு முதல் நாள் அமைலேஸ் என்ற இரத்தப் பரிசோதனை பார்த்தார்கள், பிறகு பார்க்கவேயில்லை. வெளியிற் காசு கொடுத்துத் தினமும் செய்யட்டுமா?
— வாசகர், சண்டிலிப்பாய்

பதில்: காசை வீணாக்க வேண்டாம். அமைலேஸோ லைபேஸோ வழமையின் உச்ச அளவிலும் மூன்று மடங்குக்கு மேல் இருப்பது நோயை இனங்காண உதவும். நோயின் கடுமையை அது காட்டாது. அமைலேஸ் சில நாட்களில் தானாக இறங்கிவிடும், அண்ணா இன்னும் கடுமையான நிலையில் இருந்தாலும். அவர் எப்படி இருக்கிறார் என்பதை மூச்சு, சிறுநீர், கிரியாற்றினின், சி.ஆர்.பி. ஆகியவை கூடுதலாகச் சொல்லும்.

கேள்வி: இருதய வால்வு மாற்றியதால் வார்பரின் எடுக்கிறேன். அடுத்த மாதம் பித்தப்பைச் சத்திரசிகிச்சை. இரத்தம் உறைய எவ்வளவு பிந்துகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ஒரு மாதம் 2.8, ஒரு மாதம் 1.9 என்று ஆடுகிறது. முருங்கை இலை சாப்பிடுவதை அடியோடு விடச் சொல்கிறார்கள் சிலர்.
— வாசகி, காரைநகர்

பதில்: வார்பரின் விற்றமின் கே இன் வேலையைத் தடுத்து இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறது, முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாவற்றிலும் அந்த விற்றமின் உண்டு. அடியோடு விட வேண்டியதில்லை. கிழமைக்கு இரண்டு நாள் ஒரு கறி என்றால் ஒவ்வொரு கிழமையும் அதே இரண்டு நாள், அதே அளவு. முருங்கை தளிர்க்கும்போது நாள்தோறும் வறுத்துச் சாப்பிட்டுவிட்டு அடுத்த மாதம் தொடாமல் இருந்தால் எண் ஆடத்தான் செய்யும். இடையில் மெற்றோனிடசோல் போன்ற அன்ரிபயோட்டிக் எடுத்தீர்களா என்றும் நினைத்துப் பாருங்கள், அதில் ஐ.என்.ஆர். சடுதியாக ஏறும்.

வழமையாக வார்பரினைச் சத்திரசிகிச்சைக்கு ஐந்து நாளுக்கு முன் நிறுத்தி, ஐ.என்.ஆர். 1.5இற்குக் கீழ் வந்த பின்பே வெட்டுவோம். ஆனால் உலோக வால்வு உள்ளவருக்கு அந்த ஐந்து நாளும் பாதுகாப்பில்லாமல் விட முடியாது. பலருக்கு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் வகை ஊசி இடையிற் போட வேண்டிவரும். வால்வு எந்த வகை, எந்த இடத்தில் வைத்தது என்பதைக் கொண்டு அதை உங்கள் இருதய வைத்தியர் தீர்மானிப்பார். ஆகவே வால்வுச் சத்திரசிகிச்சையின் போது தந்த அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். சத்திரசிகிச்சை முடிந்து வார்பரினை மறுபடி தொடங்கினாலும் எண் பழைய அளவுக்கு ஏறக் குறைந்தது ஐந்து நாளாகும். அதுவரை ஊசி தொடரும் என்று சொன்னால், வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அதைக் கேட்காமல் துண்டு வெட்டிக்கொண்டு போய்விடாதீர்கள்.